வலது கால் தடம்

என் குதிரைக்குட்டி இங்காருக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சியோலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும், இங்கே கரகண்டாவில் என் மனசைத் தவிர எல்லாம் சுகம். இருப்புக் கொள்ளவில்லை அம்மா. மூன்று நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் ஜன்னலுக்குப் போகிறேன், டீ ஆறிப்போகிறது. நேற்று ஸ்கேட்டிங் அரங்கத்தில் பனித்தரையை வழிக்கிற மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றாமலே வண்டியைக் கிளப்பிவிட்டேன், இருபது வருஷ வேலைக்காரன் செய்கிற காரியமா இது! வியாழக்கிழமை நான்கு கண்டங்கள் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் நீ ஆட வேண்டும், உன் வலது கணுக்கால் சரியில்லை, அதுதான் விஷயம். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, நீங்க சாப்டீங்களா"ன்னு மழுப்புகிறாய், பக்கத்திலேயே கோச் தமாரா இருப்பாள் போல. எனக்கும் போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் இன்று விமானம் ஏறுகிற உங்கள் மசாஜ்காரி போத்தகோஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கிளம்பிய அன்று உன் பெரியப்பா மரால்பேக் வீட்டில் ஐம்பது பேர் முன்னால் நான் கையேந்தி, மெடலோடு திரும்பி வா என்று ஆசி சொன்னேனே, ஐம்பது பேரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்களே, அது உன் கழுத்தில் கல்லாகக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியப்பா வேறு சும்மா இருக்கிறாரா, "புள்ள ஜெயிக்கட்டும்டா, கொழுத்த குதிரையா அடிச்சு ஊருக்கே கறி போடறேன்"னு பார்க்கிறவரிடமெல்லாம் அளக்கிறார். நேற்று சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாரையும் கூப்பிட்டு, ஆசியை மாற்றணும், இன்னொரு தடவை என்னோடு கையேந்துங்கள் என்றேன். உன் பெரியம்மா பிடித்துக்கொண்டாள், "கொடுத்த ஆசிய எவனாவது திருப்பி வாங்குவானாய்யா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு"ன்னு. "வாங்கல அண்ணி, மாத்திக்கறேன்"னு சொல்லி, என் மகள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நோவில்லாத காலோடு வீடு வரட்டும் என்றேன். பெரியப்பாதான் முதலில் கையேந்தினார், மற்றவர்களும் ஏந்தினார்கள். இனி யாருக்காகவும் நீ ஆட வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது. காலையில் ஆறு மணிக்கு நீ தனியாகப் பயிற்சி செய்வாய், கோச் ஏழு மணிக்கு வருவாள், நடுவில் பனித்தரையில் உன் ஸ்கேட் கத்தி கீறிய கோடுகளை நான் பார்ப்பேன். குதித்து இறங்கினால் வலது கால் கோடு வளைந்து நீளமாக ஓட வேண்டும். அக்டோபரில் அது ஒரு சாண்கூட ஓடவில்லை, உடனே பக்கத்தில் இடது காலை ஊன்றிய தடம். ஒரு நாள் இல்லை, தினமும். கோச் கண்ணில் பட்டால் அணியிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவாளோ என்று, அவள் வருவதற்குள் மெஷினை ஓட்டி அழித்தேன். ஜனவரி வரைக்கும் அழித்தேன். நீ என்னிடம் மறைத்தாய் என்று நினைத்துக்கொண்டிருப்பாய், நீயும் நானும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறோம். நீ வலியை மறைத்தாய், நான் மெடலுக்கு ஆசைப்பட்டேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் என்னோடு பேசுவதில்லை, நியாயம்தான்.

கடவுள் உன் காலுக்குத் துணையிருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. மறக்காதே, இதைப் படித்ததும் காலில் பூட்ஸ் மாட்டுவதற்கு முன்னால் அணி டாக்டரிடம் போ. கூட இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், அதில் எந்தத் தேதியிலிருந்து அந்தக் கால் தரையில் நிற்கவில்லை, எத்தனை நாள் நான் அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், அதை மட்டும் அவர் கையில் கொடு.

என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கத் தைரியமில்லாத அப்பா,
செரிக்போல்