சிப்பிக்கு வேண்டிய வெளிச்சம்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கடல்நீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சிப்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. கையளவுதான். ஓட்டுக்கு வெளியே சதை மடலை விரித்துக்கொண்டு பாறைமேல் கிடக்கிறது. வாங்கும்போது அந்த மடல் பளீரென்று நீலமாக இருந்தது. நான் மயங்கியதே அந்த நீலத்தில்தான். தொழிற்சாலையில் நாள் முழுக்க வெள்ளைக் காரும் சாம்பல் காருமாகப் பார்க்கிறவனுக்கு வீட்டில் ஒரு நீலம் வேண்டியிருந்தது.

இன்று நீலம் மங்கித் தெரிகிறது. தொட்டி மொத்தமுமே சாயங்காலம் மாதிரி. லைட் சரியில்லையோ?

மீனுக்குப் போடுகிற மாதிரி இதற்குத் தீனி போட முடியாது. மடலுக்குள்ளே பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கி அது ஆக்கிப் போடுவதைத்தான் சிப்பி பெரும்பாலும் உண்கிறது. வெளிச்சம் குறைந்தால் பட்டினி. படூரில் கடை வைத்திருக்கும் பூபாலன் விற்கும்போதே சொன்னான்: "வெளிநாட்டுப் பண்ணைல வளந்தது அண்ணாத்த, பேப்பர்லாம் கரெக்டா கீது. லைட்டுதான் இதுக்குச் சோறு. ஆனா மெதுவா ஏத்து. வாரத்துக்கு அஞ்சு சதவீதம், அதுக்கு மேல கை வெக்காத."

போனில் இருக்கிற ஆப்பில் பார்த்தேன், லைட் ஐம்பது சதவீதத்தில் இருந்தது. அறுபது வைத்தேன். அஞ்சு அஞ்சாக ஏற்றப் பொறுமை இல்லை.

13 பிப்ரவரி, வியாழன்

ஷிப்ட் இன்ஜினியர் கிரிஷ் ஓரமாகக் கூப்பிட்டார். சின்ன வயசு, மரியாதையான ஆள். "ஜெபா சார், நேத்து நீங்க ஓகே பண்ணின ரெண்டு வண்டில பெயின்ட்டுக்குள்ள தூசி உக்காந்திருக்கு. கதவுக்குக் கீழ்ப்பக்கம்."

பெயின்ட் சரிபார்க்கிற வேலைக்கு வந்த நாளாக என் வண்டி ஒன்று திரும்பி வந்ததில்லை. ட்யூப் லைட் வெளிச்சம் குறைந்துவிட்டது, மாற்றச் சொல்லுங்கள் என்றேன். அவர் மேலே வரிசையாக எரிகிற ட்யூப்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

19 பிப்ரவரி, புதன்

லைட் எழுபத்தைந்து.

ஹெலன் துணி மடித்துக்கொண்டே, "இன்னாங்க இது, ஹால்ல வெல்டிங் வெக்கிற மாதிரி கீது? கண்ணு கூசுது" என்றாள். எனக்குக் கூசவில்லை. இவளுக்கு எதையும் பெரிதாக்கித்தான் சொல்ல வரும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

கடல் தண்ணீர் எடுக்க பூபாலனின் வேனில் மாமல்லபுரம் தாண்டிப் போனோம். மழை இல்லாத மாதம், தண்ணீர் தெளிவாக இருந்தது. கேன்களை நிரப்பித் தூக்கிக்கொண்டு வரும்போது மணலில் கிடந்த படகுக் கயிறு தடுக்கி விழுந்தேன். பட்டப்பகல். கயிறோ மணிக்கட்டுத் தடிமன். கேன் உருண்டு தண்ணீரெல்லாம் கொட்டிப்போனது. பக்கத்தில் ஓர் அம்மாள் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். "கண்ணு இன்னா பொடனிலயா கீது? அத்தாந்தண்டி கயிறு!" என்றார். பூபாலன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

முழங்காலுக்குக் கீழே நல்ல சிராய்ப்பு. கயிறு எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

2 மார்ச், ஞாயிறு

சிநேகாதான் பார்த்துச் சொன்னாள். "அப்பா, உன் சிப்பி நடுவுல வெள்ள வெள்ளயா ஆவுது. மடலும் சுருங்கிக்கினு போவுது." கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஆமாம்.

நெட்டில் தேடினால் வெளிச்சம் போதாவிட்டாலும் உள்ளே இருக்கும் பாசி போய் வெளுக்குமாம். வெளிச்சம் அதிகமானாலும் வெளுக்குமாம். அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? கண்ணை வைத்துத்தான். என் கண்ணுக்குத் தொட்டி இருட்டாக இருக்கிறது. பசியில் வெளுக்கிறது பாவம்.

தொண்ணூறு வைத்தேன்.

8 மார்ச், சனி

படூர் போனேன். கடையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கத்திவிட்டேன். "டூப்ளிகேட் லைட்ட என் தலைல கட்டிட்டியே பூபாலா. தொண்ணூறுல வெச்சும் இருட்டா கீது. சிப்பி சாவுது."

"தொண்ணூறா?" என்றான். "அண்ணாத்த, தொண்ணூறு வெச்சா அது வெந்துடும்."

"எனக்குப் பாடம் எடுக்காத. நான் பாக்குற வேலையே லைட்டுல பாக்குற வேலை."

பையன்கள் வெளியே போய்விட்டார்கள். பூபாலன் மீன் அள்ளுகிற வலையை எடுத்து உதறி மறுபடி மாட்டினான். அது ஒன்றும் ஈரமாகக்கூட இல்லை.

11 மார்ச், செவ்வாய்

பூபாலன் வீட்டுக்கு வந்தான். நான் பேசிய பேச்சுக்கு வேறு எவனாக இருந்தாலும் வந்திருக்க மாட்டான். யாரிடமோ இரவல் வாங்கிய மீட்டர் ஒன்று கொண்டுவந்தான். தண்ணீருக்குள் விழுகிற வெளிச்சத்தை அளக்கிறது. நீளமான ஒயர், முனையில் காசு மாதிரி ஒரு கண். சிப்பிக்குப் பக்கத்தில் அதை இறக்கிப் பிடித்தான்.

"இந்தச் சைசுக்கு இருநூறு, இருநூத்தம்பது இருந்தா நல்லா வாழும்" என்றான். மீட்டரை என் பக்கம் திருப்பினான். அறுநூற்றுச் சொச்சம்.

மீட்டர் தப்பு என்றேன். அவன் ஜன்னலோரம் எடுத்துப் போய்க் காட்டினான், தொட்டியின் ஓரத்தில் காட்டினான், மறுபடி சிப்பியிடம் காட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"லைட்டு நல்லா கீது அண்ணாத்த. வெயில்ல தூக்கி வெச்ச மாதிரி கீது தொட்டி. உனக்கு நெசமாவே இருட்டாவா தெரியுது?"

அடுப்படியிலிருந்து ஹெலன் வந்து நின்றாள்.

ஆமாம் என்றேன்.

பூபாலன் லைட்டை இருபதுக்கு இறக்கினான். சிப்பியைப் பாறையிலிருந்து மணலுக்கு மாற்றி, தொட்டிமேல் கொசுவலைத் துணி ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டான். எனக்குத் தொட்டி அணைந்துபோன மாதிரி ஆகிவிட்டது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "கண்ண ஒரு தடவ காட்டிடு. எனக்காவ."

15 மார்ச், சனி

செங்கல்பட்டு. கண் ஆஸ்பத்திரி.

வெள்ளையான ஒரு பெரிய கிண்ணம். அதற்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சப் புள்ளி வந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். வந்தது, அமுக்கினேன். வந்தது, அமுக்கினேன். அப்புறம் வரவேயில்லை. ரொம்ப நேரம். மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துத் தலையை எடுத்தேன்.

"தலய எடுக்காதீங்க சார். ஓடிக்கினுதான் கீது, பாருங்க" என்றது மெஷினை ஓட்டுகிற பெண்.

ஓடிக்கினுதான் இருந்திருக்கு. புள்ளி வந்துகினேதான் இருந்திருக்கு. எனக்குத்தான்—

கண்ணில் அழுத்தம், குளுக்கோமா என்றார் டாக்டரம்மா. வலிக்காதாம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருமாம். இடது கண்ணில் கீழ்ப்பாதிப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வலதிலும் ஆரம்பித்துவிட்டது. மங்கலாகத் தெரிவதும் நிறம் வெளுத்துத் தெரிவதும் அதனால்தான். "போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். சொட்டு மருந்து ஒரு நாளும் விடக் கூடாது."

ஹெலன் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் எதையோ கேட்க வாயெடுத்தேன். "சிப்பிக்கும் கண்ணு இருக்குது, மடல் ஓரம் பூரா. நிழல் பட்டா மூடிக்கும்" என்று சொன்னேன். டாக்டரம்மா ஹெலனைப் பார்த்தார்.

எதுக்கு அத சொன்னேன்?

16 மார்ச், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

18 மார்ச், செவ்வாய்

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். கருங்குழிக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. வயசானதால் என்றுதான் நினைத்திருந்தோம்.

"வயசுலயா?" என்றார் அம்மா. "உன் நைனாக்கு நாப்பது வயசுலயே நிலப்படி தெரியாது. இடிச்சிக்கினேதான் உள்ள வருவாரு. குடிச்சிட்டு வராருன்னு நான் ஏசுவேன். ஒரு சொட்டு தொட்டதில்ல அந்த மனுசன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன்டா கேக்குற சின்னு? உனக்கு இன்னாடா?"

சிநேகாவுக்காகக் கேட்டேன் என்றேன். முழுப் பொய்யும் இல்லை. டாக்டரம்மா அவளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

22 மார்ச், சனி

சிநேகாவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு வயசுப் பெண், யாராவது பார்ப்பார்களே என்று கூச்சப்பட வேண்டியவள். தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் டம்ளரையும் வாங்கிக்கொண்டாள். அழுது முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

25 மார்ச், செவ்வாய்

வேலை விட்டு வரும்போது இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள். பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடப் பெண். அவள் பை என் வண்டியின் ஹாண்டில்பாரில் உரசிக்கொண்டு போனது. அடி ஒன்றுமில்லை. திட்டக்கூட இல்லை. காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தாள். சிநேகா போட்டுக்கொள்கிற மாதிரி இரட்டை ஜடை.

சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கிற வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சாவியை ஹெலன் கையில் கொடுத்தேன்.

27 மார்ச், வியாழன்

கிரிஷிடம் சொல்லிவிட்டேன். கேன்டீனில், டீயை வைத்துக்கொண்டு. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "வேற யாருக்கும் தெரியாதில்ல? உங்க லைன்ல இன்னொருத்தரைப் போட்டு ரெண்டாவது தடவை பார்க்கச் சொல்றேன் சார். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாமே."

நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாக இருந்தது. அந்த விளக்கு வரிசைக்குக் கீழே நின்று கார் நகர்ந்து வரும்போது, இதில் ஒரு தூசி இருந்தால் என்னைத் தாண்டிப் போகாது என்று நினைத்திருக்கிறேனே. ஒரு காலத்தில் அது நிஜமாகவும் இருந்ததே.

"வேணாம் சார். நானே எழுதிக் குடுத்துடறேன்."

5 ஏப்ரல், சனி

சிப்பி இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் கிடக்கிறது. மடல் வெளியே வரவில்லை. பூபாலனிடம் கேட்டால், "தொடாத. லைட்ட ஏத்தாத. அதுவா வரணும்" என்கிறான்.

காலையில் ஹெலன் குளிக்கப் போன நேரத்தில் லைட்டை அறுபது ஆக்கினேன். கொஞ்ச நேரம்தான். அந்த நீலம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க. ஹெலன் பார்த்துவிட்டாள்.

"லைட்டு ஆப்ப என் போன்ல போடு."

"எல்லாத்தயும் புடுங்கிக்கோ" என்றேன். "வண்டி போச்சு, வேலை போச்சு, இதயும் எடுத்துக்கோ."

"உன் கண்ணுக்காவத்தான் ஏத்துற. அதுக்கோசரம் இல்ல."

ஹெலன் கோபம் வந்தால்தான் என்னை 'நீ' என்பாள். ஆனால் அழுதுகொண்டிருந்தாள்.

என் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன். ராத்திரி அவள் சொட்டு மருந்தோடு வந்தாள். அவள் மடியில் தலை வைத்துப் படுத்தேன். மருந்து எரிந்தது.

18 ஏப்ரல், புனித வெள்ளி

ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். கையுறை, முகக்கவசம், உப்புத் தாள் எடுத்துக் கொடுக்கிற வேலை. கேன்டீனுக்குப் போகிற வழியில் பெயின்ட் பகுதியின் கண்ணாடிச் சுவர் வருகிறது. நான் நின்ற இடத்தில் ஒரு புதுப் பையன் நிற்கிறான். குனிந்து கதவின் கீழ்ப்பக்கத்தை நன்றாகப் பார்க்கிறான்.

இன்று மும்மணி நேர ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாடினேன். வரி தெரிந்தது. அடுத்த வரி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

15 ஜூன், ஞாயிறு

பூபாலன் காலையில் மீட்டரோடு வந்திருந்தான். தொட்டிக்குள் இறக்கிப் பார்த்து இருநூற்று இருபது என்றான். சிப்பியை மறுபடி பாறைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மடல் வெளியே வந்த பிறகு ஹெலன் வாரத்துக்கு அஞ்சு சதவீதம், ஒன்று கூடக் கூட்டாமல், ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கொசுவலையையும் எடுத்தாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றார்கள். வயலெட் மூடி மருந்து காலையில், வெள்ளை மூடி இரவில். இரண்டையும் விரலால் தடவியே அடையாளம் வைத்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் நால்வரும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மடல் முழுசாக விரிந்திருக்கிறதாம். நடுவில் இருந்த வெள்ளை அநேகமாகப் போய்விட்டதாம். சிநேகா கையை மேலே ஆட்டி நிழல் காட்டினாளாம், சட்டென்று மூடிக்கொண்டு பிறகு திறந்ததாம். "முன்ன இருந்தத வுட நீலம்பா. ஓரத்துல கொஞ்சம் பச்ச வேற வருது" என்றாள்.

நன்றாகக் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. தொட்டி எனக்கு இருட்டாகத்தான் இருக்கிறது.

"போதுமாங்க லைட்டு?" என்று ஹெலன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

போதும் என்றேன்.