கண்ணாடி றப்பருக்கு எண்ணெய்

கார்த்திகை, திங்கட்கிழமை

விடிய முதலே மழை. காரின் பின்சீற் திரும்பவும் ஊறிப்போய்க் கிடக்கிறது. பழைய மொரிஸ், இரண்டு கதவுதான். பின்னால் இருப்பவருக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடி ஏற்றி இறக்க முடியாதது. றப்பர் வளையத்துக்குள் இறுக்கி வைத்திருக்கிறது. இடப்பக்கத்து றப்பர் வெடித்துவிட்டது. தண்ணீர் அதனூடாகத்தான்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும்போது மகள் வதனியின் தலை, தோள் எல்லாம் நனைந்தது. நேற்று முழுக்கக் காய்ச்சல், நடுக்கம். இன்று இறக்கம். ஊசி போடும் இடக்கை சீற் முதுகில் நெரியக் கூடாது என்று எப்போதும் காரின் இடப்பக்கம் தலை வைத்துத்தான் படுத்து வருவாள். மாற்றிப் படுக்க ஏலாது. பஸ் நினைக்கவே வேண்டாம். ஆட்டோவில் சாரல்.

புதன்கிழமை திரும்பப் போக வேண்டும். காய்ச்சலோடு வந்தால் மெஷினில் ஏற்ற மாட்டோம், நனைய விடாதேங்கோ என்று நர்ஸ் சொல்லிவிட்டார். போகாமல் விட்டாலோ கால் வீங்கும், மூச்சு முட்டும். போன மாரியில் ஒரு தரம் தவறிப் பட்ட பாடு போதும்.

மத்தியானம் மழை விட்ட நேரம் மெக்கானிக் தவம் புதுக்குடியிருப்பிலிருந்து வந்தான். வந்ததும், “ஆச்சி, தேத்தண்ணி இருக்கே?” ஆச்சியாம். அவனுக்கே தலை நரை. கொடுத்தேன்.

பழைய றப்பரை வெடித்த மூலையில் பிளேட்டால் வெட்டினான். மருமகன் சிவா காருக்குள் இருந்து இரண்டு உள்ளங்கையாலும் தள்ள, தவம் வெளியே ஏந்தினான். கண்ணாடி முழுசாக வந்தது. தவம் சொன்னான்:

“இது உடைஞ்சா வேறை எடுக்கேலாது. பிறகு பிளாஸ்டிக் தகடுதான்.”

கண்ணாடி இருந்த விளிம்பெல்லாம் துருவேறிக் கறள். சுரண்டிப் பெயின்ற் அடித்தான். வாங்கி வந்த புது றப்பர் ஈர்க்கு மாதிரி விறைப்பு.

“நாளைக்குப் போடுவம். இதை ஒருக்காப் பதப்படுத்தி வையுங்கோ ஆச்சி.”

இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும். பெரிய தாச்சியில் நல்லெண்ணெய் விட்டு, இளஞ்சூட்டில் றப்பரைச் சுருட்டி ஊற வைத்தாயிற்று. புதுத் தாச்சி, தோசைக்கல் எல்லாம் இந்தக் கைதானே பதப்படுத்தியது.

வதனி இரண்டு வாய் கஞ்சி. மீதி வைத்துவிட்டாள்.

செவ்வாய்

வானம் மப்பு. மழை இல்லை. றப்பர் நல்ல பதம், பிடித்தால் வழுகுது. எனக்குச் சந்தோசம்.

தவம் தாச்சியை எட்டிப் பார்த்தான்.

“என்ன ஆச்சி, முறுக்குச் சுட்டனீங்களோ?”

சிவா சிரித்தார். தவம் றப்பரைத் தூக்கிப் பிடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தடித்துப் பொம்மிப் போயிருந்தது. இரண்டு பேரும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மூலை இருந்தால் மற்ற மூலை வழுகிக் கழலுது. பசையும் எண்ணெயில் பிடிக்கவில்லை.

“நான் சொன்னது சுடுதண்ணியிலை போடச் சொல்லி.”

“தண்ணியெண்டு நீ சொன்னனியோ?”

“பதப்படுத்தச் சொன்னனான்.”

“பதப்படுத்துறது எண்ணெயிலைதான். வேறை ஆரும் தண்ணியிலை பதப்படுத்துவினமே?”

சிவா என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நல்லது.

சீயாக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெய் போனது, பொம்மல் போகவில்லை. கை எரிந்ததுதான் மிச்சம்.

வேறு றப்பர் வவுனியாவில். போன் பண்ணினால் வியாழன் பஸ்ஸில் போட்டு விடுவார்களாம். வியாழன் யாருக்கு.

சந்தி வீட்டில் வான் இருக்கிறது. போன வருடம் கேட்டபோது டிரைவர் இல்லை என்றார்கள். அன்று பின்னேரமே அந்த வான் கோயிலுக்குப் போனதைக் கண்ணால் கண்டேன். அந்த வீட்டு வாசல் படலையை இனி மிதிப்பதில்லை என்று இருந்தவள். இன்று போனேன். நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

“ஐயோ மாமி, அவர் வானை யாழ்ப்பாணம் கொண்டு போட்டார். வெள்ளிதான் வருவார். கதிரையிலை இருங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

இருக்கவில்லை. உண்மையாகவே முற்றத்தில் வான் நிற்கவில்லை. அதுவும் ஒரு ஆறுதலா.

வதனி கட்டிலில் இருந்து, “ஒருக்காப் போகாட்டி என்னம்மா. வியாழன் றப்பர் வரட்டும்.”

“வாயை மூடு பிள்ளை.”

அவளுடைய கணுக்காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது. நிரம்பி வரவில்லை. சேலைத் தலைப்பால் மூடிவிட்டேன்.

பொழுதுபடத் தவம் திரும்ப வந்தான். பழைய றப்பரை எங்கே என்று கேட்டான். கோழிக்கூட்டடியில் எறிந்து கிடந்தது. வெட்டின இடத்தைச் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து ஒட்டினான்.

“கார் ஓடேக்கை என்ன செய்யுமோ தெரியாது ஆச்சி.”

“பிடிக்கும்,” என்றேன். எனக்கு என்ன தெரியும்.

புதன்

பொழிகிறது. காருக்கு மேல் தறப்பாள் கட்டி அதற்குக் கீழே வேலை. கண்ணாடியைச் சுற்றி றப்பர். றப்பரின் உள் வெட்டு நெடுக நைலோன் கயிறு. கயிற்றின் நுனி காருக்குள்ளே. வெளியே சிவா கண்ணாடியை அமத்திப் பிடிக்க, தவம் உள்ளங்கையால் தட்டுகிறான். உள்ளே இருந்து கயிற்றை இழுக்க ஒருவர் வேண்டும். வதனி எழும்பி வந்தாள். அந்தக் கையோடு. போய்ப் படு என்று அனுப்பிவிட்டு நான் ஏறினேன்.

கயிறு வர வர, றப்பரின் உதடு காரின் தகட்டு விளிம்புக்கு மேலால் மடிந்து உள்ளே விழுகிறது. ஒட்டுப் போட்ட மூலையில் சிக்கி நின்றது.

“மெல்ல ஆச்சி. கோவத்தை அதிலை காட்டாதேங்கோ.”

“எனக்கென்ன கோவம்.”

கண்ணாடி முறுகும் சத்தம் கேட்டது. நூல் நூலாக இழுத்தேன். உதடு உள்ளே விழுந்தது. கண்ணாடி உடையாமல் இருந்தது.

“பசை காயேல்லை. அதிலை ஒருத்தரும் சாயக் கூடாது.”

முல்லைத்தீவு றோட்டு முழுக்கப் பள்ளம். வதனியின் தலை என் மடியில். நான் சாயாமல் நிமிர்ந்து இருந்தேன். பாதி வழி ஒன்றும் இல்லை. பாலத்தடிக் குலுக்கலோடு ஒட்டில் ஒரு துளி. பிறகு விடாமல். துவாய்த் துணியை அதில் அடைத்தேன், நிற்கவில்லை. உள்ளங்கையைக் குவித்து ஒட்டுக்குக் கீழே ஏந்திப் பிடித்தேன். தண்ணீர் முழங்கை வழியாக என் சட்டைக்குள் இறங்கியது. அவளில் படவில்லை.

“ஒழுகுதோ அம்மா?”

“இல்லை, நீ கண்ணை மூடு.”

நர்ஸ் காய்ச்சல் பார்த்தார். இல்லை. தலைமயிரையும் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வெளி வாங்கில் பலகையில் இருந்து எழுதுகிறேன். சிவா மழைக்குள் நின்று கண்ணாடிக்கு மேலே பொலித்தீன் ஒட்டிப் பார்க்கிறார். பிடிக்குதில்லை. மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. தண்ணீர் ஏந்தின கை விறைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மற்றக் கையை வைக்க வேண்டும்.