கதவைத் தாழிட்ட கிறிஸ்துமஸ்

இன்று சாயங்காலம் மகன் வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டி, உள்ளே பல்பைப் போட்டான். காகிதம் சூடாகும் வாசம் வந்ததுமே என் கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடிப் போனது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இப்படியா என்று அவன் சிரித்தான். உங்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் சேலம் ஜெயிலில் இருந்த அந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் நட்சத்திரம் இல்லை. ராசிபுரம் சாலையில் உங்கள் லாரியில் அடிபட்டு இறந்தவர், நம் மல்லசமுத்திரத்தை ஒட்டிய தோட்டத்துக்காரர். கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவர். அவருடைய சொந்தக்காரர்கள் நம் வீட்டுக்கு வரப்போவதாக ஊரில் பேச்சு. வெளிச்சம் தெரிந்தால் கொண்டாடுகிறோம் என்று நினைப்பார்களே! ஆராதனைக்குப் போகவும் பயம், பிள்ளைக்கு வாங்கிய புதுச்சட்டையைப் போட்டுவிடவும் பயம். கதவைத் தாழிட்டு, அவனை மடியில் வைத்துக்கொண்டு உள்ளறையிலேயே கிடந்தேன்.

மத்தியானம் ஒரு பைக் வந்து நின்றது. கதவைத் தட்டினார்கள். நான் பிள்ளையின் வாயைப் பொத்தினேன்.

"அக்கா, தொறங்க. ஒண்ணும் பண்ண மாட்டோமுங்க" என்றது ஒரு பெண் குரல்.

தாழ்ப்பாளை நீக்கினேன். இறந்தவரின் மனைவி. அவளைக் கூட்டிவந்த அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். அவளை உள்ளே கூப்பிட்டேன், வாசலைத் தாண்டி வரவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு ஓடாம அவரு பக்கத்துலயே இருந்தாருன்னாங்க. கடைசியா எதாச்சும் சொன்னாருங்களா?"

எனக்கு என்ன தெரியும்? அதைப் பற்றி நீங்கள் வாயே திறந்ததில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது கேட்டேன். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வலையோடு முகத்தை ஒட்டிவைத்துச் சொன்னீர்கள்:

"பயமா இருக்குது, போயிராதீங்கண்ணான்னு கையப் புடிச்சுக்கிட்டான். அப்புறம் எப்புடி ஓடறது? அவ பேரச் சொல்லிக்கிட்டே இருந்தான்."

அதைச் சொல்ல அவர்கள் தோட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். களத்தில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அவள் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் அழுத சத்தத்தில் அந்த ஆண்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அவளுடைய மாமனார் மட்டும் என்னோடு பஸ் வரும்வரை நின்றார்.

தண்டனையை முடித்து வந்தபின் நீங்கள் லாரி ஏறவில்லை. நம் ஊர்க் கடையிலேயே மூட்டை தூக்கினீர்கள், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு எல்லோரோடும் நின்றீர்கள். போன வருடம் போய்ச் சேர்ந்தும்விட்டீர்கள்.

நான் இன்னும் பயந்தவள்தான். ஆனால் ஒரு நாள் உங்களிடம் கேட்டேனே, அன்றைக்கு ராசிபுரம் சாலையில் கூட்டம் தடியோடு ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே எப்படி உட்கார்ந்திருந்தீர்கள், பயமாக இல்லையா என்று. பீடியை அணைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"இருந்துச்சு. என்னைய உட அவனுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு."

பயம் வரும்போதெல்லாம் அதை ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். பயம் போவதில்லை. எழுந்து கதவைத் திறக்க முடிகிறது.