ஊரில் இல்லாத கடல்

செவ்வாய், இரவு.

பேரூராட்சி அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. கட்டட அனுமதி கேட்பவர்களிடம் வசூலிக்கும் மேம்பாட்டுக் கட்டணத்துக்குத் தீர்மானத்தில் காரணம் எழுதச் சொன்னார்கள். கரையோர ஊர் ஒன்றின் தீர்மானத்தை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். கவுன்சிலர்கள் வாசிக்காமலே கை தூக்கிவிட்டார்கள்.

இன்று மெஸ் கட்ட அனுமதி கேட்டு வந்த பாத்திமா அக்கா, அதை அறிவிப்புப் பலகையில் வாசித்துவிட்டார்.

"கடலரிப்புத் தடுப்புச் சுவர்னு போட்டிருக்கு தம்பி. கடலப் பாக்க நாங்க மணமேல்குடிக்குல்ல பஸ் ஏறுறோம்?"

செயல் அலுவலர் நிமிரவில்லை. "தீர்மானம் நிறைவேறிருச்சும்மா."

"சரிங்க சார். செவரு எதுக்குன்னு எழுதிக் குடுங்க, பணத்தக் கட்டிட்டுப் போறேன். இல்லாட்டி கலெக்டர்ட்ட மனு குடுப்பேன்."

செயல் அலுவலர் என் பக்கம் திரும்பினார். "எம்.ஏ. படிச்சவருதானே நீங்க? காலையில காரணத்தோட வாங்க. இல்லன்னா வேலைக்கு வராதீங்க."

புதுத் தீர்மானம் போடலாமே என்றேன். அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதுவரை ஒரு வாக்கியம்தான் வந்திருக்கிறது. 'கடல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.'

திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மறுக்க எனக்கே ஒன்றும் தோன்றவில்லை.