நாற்பது நாளைக்கு மேல் வைப்பதில்லை

28 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறோம். அவர் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். நான் என் பெண்ணின் அறையைக் கூட்டுவதோடு சரி.

வாலுவுடைய போனின் அழைப்புப் பட்டியலை வாங்கினோம். கடைசி வாரத்தில் மூன்று முறை உங்கள் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். கடைசியாக, போவதற்கு முந்தின நாள், மார்ச் 2, பதினெட்டு நிமிடம். அன்று என்னிடம் பேசியது, "சாப்பிட்டாச்சும்மா, நீ தூங்கு" மட்டும்தான்.

பதிவுகளை நாற்பது நாள் வைத்திருப்பதாக நீயே சொல்லியிருக்கிறாய். அந்தப் பதினெட்டு நிமிடத்தை எனக்காக எடுத்து வை. ஏன் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை, அக்கா.

உன் சின்னு

2 ஏப்ரல்

அன்புச் சின்னுவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் பெயர்கூடக் கேட்பதில்லை. ஏதாவது புகார் வந்தால் விசாரிக்கத்தான் அந்த நாற்பது நாள். பிறகு இயந்திரம் தானாக அழித்துவிடும். வீட்டாருக்கும் கொடுப்பதில்லை. ஒன்பதாம் தேதி செயற்குழு கூடுகிறது. அங்கே உன் கோரிக்கையை வைக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தாதே.

அக்கா

6 ஏப்ரல்

அக்கா,

செயற்குழுவாம். விதியை எழுதியதே நீதானே? உன் தோளில் தூங்கி எச்சில் வடித்த பெண் அவள், ஊரார் பெண் இல்லை. "உங்கக்கா ஒரு கல்லுளிமங்கி, எழுதி என்ன ஆகப்போகுது?" என்கிறார் இவர். உனக்காக அவரோடு சண்டை போட்டேன்.

இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

சின்னு

12 ஏப்ரல்

அன்புச் சின்னுவுக்கு,

நேற்று அழிந்துவிட்டது.

செயற்குழுவைக் குறை சொல்லாதே. டாக்டரும் வக்கீலும், "இந்த ஒண்ணை மட்டும் குடுத்துடலாம் மேடம், உங்க வீட்டுப் பொண்ணு" என்றார்கள். நான்தான் மறுத்தேன். நானும் அதைக் கேட்கவில்லை. அவளிடம் பேசியது யார் என்று விசாரிக்கவும் இல்லை.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாளே, அப்போது ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டாள்: "பெரியம்மா, நிஜமாவே அழிச்சிடுவீங்களா, இல்ல சும்மா போர்டுல எழுதி வெச்சிருக்கீங்களா?"

"நிஜமாத்தான்."

"அம்மா கேட்டாலும்?"

"யாரு கேட்டாலும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பேச்சை நம்பித்தான் எங்கள் எண்ணை அழுத்தியிருப்பாள். அவளுக்கென்று நான் காப்பாற்ற முடிந்தது அது ஒன்றுதான். செய்தது சரியா என்று கேட்டால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

அக்கா

20 ஜூன்

நிர்வாகி அவர்களுக்கு,

உங்கள் அமைப்பின் ஆண்டறிக்கை இன்று தபாலில் வந்தது. அனுப்பும் பட்டியலில் என் பெயரும் முகவரியும் இன்னும் இருக்கின்றன போலும். அவற்றை அழித்துவிடவும்.

அழித்துவிட்டதாகப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
முகவரிக்கு உரியவர்