கண் வைக்காத பொம்மை

வெள்ளி, இரவு.

கணினித் திரைக்கு ஜப்பானியச் சின்னங்கள் வரைந்துகொண்டிருந்தேன். முடிக்காத வேலைகளைப் போடும் போல்டருக்குத் தருமா பொம்மை. அங்கே அதைக் கண் இல்லாமல்தான் விற்பார்கள். ஒன்றை வேண்டிக்கொண்டதும் ஒரு கண், அது நிறைவேறினால் மறு கண்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த என் கூடப்பிறந்த காக்கா திரையைப் பார்த்தார்.

“ஊட்டுக்குள்ள சிலை கீறுறியா?”

“கண் வெக்கல்ல காக்கா, பாருங்க. கண் இல்லாட்டி அது உருவமில்லதானே.”

கதிரையைத் தூக்கித் திரையை உடைத்தார். தடுத்த என் மணிக்கட்டிலும் அடி விழுந்தது. அவர் கையைக் கடித்தேன். இரத்தம் வாய்க்குள் வரும்வரை விடவில்லை.

இடக்கையால் எழுதுகிறேன். படத்தின் பிரதி போனில் இருந்தது. சற்றுமுன் தருமாவுக்கு ஒரு கண் வைத்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதமாட்டேன். ஆமீன் சொல்ல வாய் வரவில்லை.