பட்டியல்களை ஒரே இடத்தில் சேர்த்தவளுக்கு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். சின்னவள் இப்போதுதான் தூங்கினாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து உன் கையெழுத்துள்ள பழைய பிரிண்டர் தாளை எடுத்தேன். ரிப்பன் மை வாசனை இன்னும் போகவில்லை.

இன்று காலேஜ் கம்ப்யூட்டர் ரூமில் கரண்ட் போய் வந்தது. போன வாரம்தான் டிஸ்க்கை மாற்றி, மெஷினோடு வந்த புரோகிராமையே திரும்ப ஏற்றியிருந்தார்கள். நீ மாற்றி எழுதியது அதோடு போயிற்று. டிஸ்க் முழுவதையும் சரிபார்த்து மெஷின் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம். நான் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சின்னவளுக்கு அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான். யாருடைய ஷிஃப்டில் மெஷின் நின்றதோ அவர்தான் கடைசிவரை இருந்து கையெழுத்துப் போட வேண்டும். மத்தியான ஷிஃப்டுக்கு வந்த நீ, பால் கட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாய். மெஷினைத்தான் திட்டினாய். ஒவ்வொரு ஃபைலின் துண்டுகளும் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலைப் படித்தாலே சரிபார்க்க மெஷினுக்குப் போதும். அந்தப் பட்டியல்களையே காலி கண்ட இடத்திலெல்லாம் போட்டிருந்ததால், டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தது.

“காந்தி மார்க்கெட் முழுக்கச் சுத்தி விலை கேக்குற மாதிரியில்ல இருக்கு? விலைப் பலகையெல்லாம் வாசல்லயே வரிசையா மாட்டிட்டா என்னடி?”

மூன்று வாரம் அதிலேயே கிடந்தாய். டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியிலும் முன்னால் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பட்டியல்கள் மட்டும் அங்கே சேரும்படி செய்தாய். பிறகு ஃபைல்களையெல்லாம் டேப்பிலிருந்து மறுபடி ஏற்றினோம். காலேஜ் பிள்ளைகளின் மார்க் போய்விடுமோ என்று நான் இரண்டு தடவை நகல் எடுக்க வைத்தேன். “உனக்கு உன் மாமியாரே தேவலைடி” என்றாய்.

அடுத்த தடவை கரண்ட் போனபோது நீ இல்லை. மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மாவிடம் சீட்டு கொடுத்தனுப்பியிருந்தாய்: “கைக்குழந்தைக்காரி நீ, இங்க வராதே. டிஸ்க் செக் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மட்டும் எழுது.”

வராதே என்று நீயே சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. குழந்தைக்குத் தொற்றிவிடும் என்று நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். பதிலை அன்றே ஒரு தாளில் எழுதினேன். அனுப்பவில்லை. நீ வீடு திரும்பியதும் நேரில் கொடுத்து, உன் முகத்தைப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காட்டூரில் உன் வீட்டுச் சுவரில் சவப்பெட்டியின் மூடியைச் சாத்தி வைத்திருந்தார்கள். தாள் என் கைப்பையிலேயே இருந்தது.

ஒன்பது நிமிஷம். அதைத்தான் எழுதியிருந்தேன். அன்று இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பெரியவள் பசித்து அழ ஆரம்பிப்பதற்கு முன்பே வீட்டில் இருந்தேன்.

நாளை நானே அதை மறுபடி எழுதப் போகிறேன். உன் தாளில் எல்லாம் புரிகிறது. ஒரு பகுதிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கினாய் என்ற எண் மட்டும் மடிப்பில் அழிந்துவிட்டது. குறைத்தால் நிரம்பிவிடும், கூட்டினால் வீண் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. எண்தான் ஞாபகம் இல்லை.

சீக்கிரம் பதில் எழுது.